பஞ்சமும் படிக்காசும்: தேவாரத்தில் இறைநம்பிக்கையின் சமூகத் தளம்

துன்பக் காலத்தில் இறைவனை நம்பியிருத்தல் என்பது பக்தி இலக்கியத்தின் பொதுப்பொருள்களில் ஒன்று. அது பற்றி எமது சூழலில் எழுதப்பட்டனவற்றை நோக்குமிடத்து இருவகைப் போக்குகளை அவதானிக்கலாம். சைவ மரபுவழிப் புலமையாளர், நாயன்மார் வரலாற்றில் வரும் அற்புதங்களை அற்புதங்களாகவே ஏற்று, நம்பினார் கெடுவதில்லை என்னும் முடிபோடு அமைதி கண்டனர். முற்போக்குத் திறனாய்வாளர் பலர் அந்நம்பிக்கையை உடைமை வர்க்கத்தார் ஊட்டிய மயக்கம் எனக் கூறி அப்பாற் சென்றனர். முன்னையோர் பாடலுக்கு வெளியே நின்ற உலகைப் பார்க்கவில்லை; பின்னையோர் உலகைப் பார்த்த வேகத்திற் பாடலைப் பார்க்கத் தவறினர். நாம் இரண்டாவது அணியைச் சார்ந்து நிற்பவர்களாயினும், அவ்வணியின் அவசரத்துக்கு உடன்பட முடியவில்லை.

பேராசிரியர் க. கைலாசபதி 1966 இல் வெளியிட்ட ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ என்னும் நூலில் இடம்பெற்ற ‘நாடும் நாயன்மாரும்’ என்ற கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். சமணமும் பௌத்தமும் வணிக வர்க்கத்தோடு கொண்ட உறவையும், அவற்றுக்கெதிராக எழுந்த பக்தி இயக்கம் நிலவுடைமையாளரோடு கொண்ட உறவையும் அது தெளிவுறுத்திற்று. அந்த ஆய்வின் அடித்தளம் இன்றும் ஆட்டங் காணவில்லை. எனினும், ஓர் இயக்கம் யாருடைய நலனுக்கு உதவிற்று என்பது ஒரு வினா. அவ்வியக்கத்தின் பாடல்கள் பசித்தவனுக்கு ஏன் உண்மையாகத் தோன்றின என்பது வேறொரு வினா. முதலாவதற்கு விடை கண்டதால் இரண்டாவதும் தீர்ந்துவிட்டது என்று கொள்ளல் பொருந்தாது. மார்க்ஸ் 1844 இல் மதத்தை அபினியோடு ஒப்பிட்டமை யாவரும் அறிந்ததே. அதே பந்தியில் மதத்தை மெய்யான துயரின் வெளிப்பாடு என்றும் அத்துயருக்கெதிரான மறுப்பு என்றும் அவர் கூறியிருப்பது எம்மிடையே அத்துணை நினைவுகூரப்படுவதில்லை. அந்த மறுப்பு தேவாரத்தில் எவ்வடிவிற் காணப்படுகின்றது என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்டது.

ஆய்வுக்குப் பெரிதும் இடந்தரும் நிகழ்ச்சி திருவீழிமிழலையிற் பஞ்சம் நேர்ந்த கதையாகும். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அடியார் கூட்டத்தோடு அவ்வூரில் தங்கியிருந்தபொழுது மழை பொய்த்து வற்கடம் வந்தது. உயிர்கள் பசியால் வருந்தின. இறைவன் இருவர் கனவிலுந் தோன்றி, பஞ்சம் நீங்கும்வரை நாடோறும் ஒவ்வொரு காசு தருவதாகக் கூறினான். அவ்வாறே கோயிலின் கிழக்கும் மேற்கும் இருந்த பீடங்களிற் காசு கிடைத்தது. அதனைக் கொண்டு உணவுப் பொருள் வாங்கி இரு மடங்களிலும் அடியார்க்கு அமுதளித்தனர். இதனைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் இருவர் புராணங்களிலும் விரித்துரைக்கின்றார்.

இக்கதையில் இறைவன் மழை பெய்விக்கவில்லை, களஞ்சியத்தை நிரப்பவுமில்லை, காசு தந்தான். இந்த விவரத்தை உரைகாரர்கள் எளிதாகக் கடந்துவிட்டனர். ஒரு காசைக் கொண்டு கடைத்தெருவிற் பொருள் வாங்கி ஒரு மடத்து அடியார் கூட்டம் உண்ண முடிந்ததென்றால், கடைத்தெருவிற் பொருள் இருந்தது என்பதே பொருள். பஞ்சம் என்பது உணவு இல்லாமையன்று. இருக்கும் உணவைப் பெறும் தகுதி ஒரு சாராருக்கு இல்லாமற் போதலே என அமர்த்தியா சென் 1981 இல் ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்ற நூலில் வங்கப் பஞ்சத்தையும் பிறவற்றையும் ஆதாரமாகக் கொண்டு நிறுவினார். சேக்கிழாருக்கு அத்தகைய பொருளியற் கொள்கை எதுவும் இருந்தது என நாம் வாதிடவில்லை. ஆனால் அவர் சோழப் பேரரசின் அமைச்சராயிருந்தவர் என்பது மரபு; காசு, பண்டம், விலை ஆகியவற்றின் நடைமுறையை அறிந்தவர் எழுதிய கதை இது என்பது அதன் ஒவ்வோர் அசைவிலும் புலப்படுகின்றது.

கதையின் அடுத்த பகுதி இதனை உறுதிசெய்யும். அப்பர் மடத்திற் காலத்தோடு அமுது ஆயிற்று. சம்பந்தர் மடத்தில் நாடோறும் தாமதம் ஏற்பட்டது. காரணம் யாதெனச் சம்பந்தர் வினாவியபொழுது, தமக்குக் கிடைக்கும் காசுக்கு வணிகர் வாசி கேட்கின்றனர் என்றும், அப்பர் பெறும் காசுக்கு வாசி இல்லையென்றும் சமையற் பொறுப்பாளர் தெரிவித்தனர். வாசி என்பது வட்டம். மாற்றுக் குறைந்த நாணயத்தை மாற்றும்போது கழிக்கப்படும் குறைவு. தெய்வம் தந்த காசும் கடைத்தெருவுக்கு வந்ததும் உரைத்துப் பார்க்கப்படுகின்றது. வணிகன் அதன் மூலத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. அற்புதக் கதையொன்றினுள் இத்துணை வரண்ட உண்மை இடம்பெற்றிருத்தல் வியப்புக்குரியது.

சம்பந்தர் உடனே கோயிலுக்குச் சென்று பாடியதாகச் சொல்லப்படும் திருவிருக்குக்குறட் பதிகம் முதலாந் திருமுறையில் உள்ளது. மிகச் சிறிய அடிகளால் ஆன அப்பதிகம், வாசி இல்லாத காசைத் தரவேண்டும், காசிலுள்ள கறையை நீக்கித் தரவேண்டும் என நேரே கேட்கின்றது. சேக்கிழாரின் கதை ஐந்து நூற்றாண்டு பிற்பட்டதாயினும் அதன் கரு பதிகத்திலேயே உண்டு என்பதற்கு இது அகச்சான்று. மேலும், இங்குத் தொழிற்படும் நம்பிக்கையின் இயல்பும் ஊன்றி நோக்கற்பாலது. கிடைத்ததே போதும், அது இறைவன் சித்தம் என்று சம்பந்தர் அமைதியடையவில்லை. கொடுத்த வாக்கு நிறைவான நாணயத்தில் நிறைவேற்றப்பட வேண்டும் எனக் கேட்கின்றார். ‘நாணயம்’ என்ற சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பதாக இன்று எம் வழக்கில் அமைந்திருப்பது தற்செயலாயினும், இப்பதிகத்தின் உட்பொருள் அதுவே. இறைவனின் குணத்தை நம்புதல் என்பது இங்கு அக்குணத்துக்கு அவனைப் பொறுப்பாளியாக்குதலாகும்.

இக்கதையை எம்மவர் பலர் அறிந்தது ஆறுமுக நாவலரின் வசன நூல் வாயிலாக என்பதையும் இவ்விடத்துக் குறிப்பிடல் தகும். பெரியபுராணத்தை உரைநடையில் எழுதி 1852 இல் வெளியிட்ட நாவலர், யாழ்ப்பாணத்திற் பஞ்சம் வந்த 1877 இல் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். அரசாங்க அதிபர் துவைனம் துரையின் நிருவாகத்தைக் கண்டித்தும் எழுதினார். சாதியொழுக்கத்தில் அவர் கொண்டிருந்த இறுக்கமான நிலைப்பாட்டை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும், படிக்காசுக் கதையை எழுதிய கை காசு வருமென்று காத்திருக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

அப்பர் காசுக்கு ஏன் வாசி இல்லை? சேக்கிழார் காட்டும் காரணம் தெளிவானது. அப்பர் கைத்தொண்டு செய்தவர். உழவாரப் படை ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியவர். சம்பந்தரோ இறைவனுக்கு மகன் முறையினர். மகனுக்குக் கிடைத்த காசிலும் உழைத்தவனுக்குக் கிடைத்த காசு மாற்றுயர்ந்தது. பிராமணக் குலத்திற் பிறந்த பாலகரையும் வேளாளக் குலத்திற் பிறந்த முதியவரையும் அருகருகே நிறுத்தி, உடலுழைப்பின் பக்கம் தராசு தாழும்படி எழுதியிருப்பது புறக்கணிக்கத்தக்கதன்று. வேளாளர் மேன்மையை நிலைநாட்டும் நோக்கம் இதில் உண்டு என யாரேனும் கூறுவாராயின் அதனையும் மறுக்கமாட்டோம். சேக்கிழாரும் அக்குலத்தவரே.

ஆனால் இக்காரணம் சேக்கிழாருக்கு முந்திய சான்றில் இல்லை. சம்பந்தருக்கும் அப்பருக்கும் பிற்பட்டவரும், சேக்கிழாருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவருமான சுந்தரர், திருவீழிமிழலைப் பதிகத்தில் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றார். அங்கு இறைவன் நாடோறும் காசு தந்ததற்குக் காரணம் இசையோடு கூடிய தமிழைக் கேட்கும் ஆசை. தமக்கும் அவ்வாறே அருளவேண்டும் என்று சுந்தரர் அப்பதிகம் முழுவதும் விண்ணப்பிக்கின்றார். அதாவது, அவர் காலத்தில் இக்கதை புலவனுக்கும் புரவலனுக்கும் உள்ள உறவின் கதையாகவே வழங்கிற்று. பாணனுக்குப் பரிசில் தந்த சங்ககாலத் தலைவனின் இடத்திற் சிவன் இருக்கின்றான். சேக்கிழார் காலத்தில் அதே கதை தொண்டுக்கும் ஊதியத்துக்கும் உள்ள உறவின் கதையாக மாறிவிடுகின்றது. இடைப்பட்ட காலத்திற் கோயில் நிலமும் பண்டாரமும் பணியாளர் படையும் கொண்ட பெரு நிறுவனமாக வளர்ந்துவிட்டமையை இம்மாற்றத்துக்கு வெளியே வைத்து விளக்க முடியாது. இறைவனின் மாறாத குணம் என்று கூறப்படுவதும் காலத்துக்குக் காலம் அவ்வக்கால உறவுகளின் மொழியிலேயே விளங்கிக்கொள்ளப்படுகின்றது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அப்பரின் சொந்தக் குரலை அவர் பாடல்களிலேயே கேட்கவேண்டும். கடம்பூர்க் கரக்கோயிற் குறுந்தொகையில் அவர் ஆளும் ‘கடன்’ என்ற சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அடியவனைத் தாங்குதல் இறைவனுடைய கடன். பணி செய்தல் தம்முடைய கடன் என இரு பக்கக் கடமையாக அவர் அதனை அமைக்கின்றார். ஆண்டானுக்கும் அடிமைக்கும் உள்ள உறவைக் கொண்டு பேசும் இம்மொழி நிலமானிய உறவிலிருந்து பெறப்பட்டது என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும் நடைமுறையில் அவ்வுறவின் ஒரு பக்கமே கறாராக நிறைவேற்றப்பட்டது. குடியானவன் தன் கடனிலிருந்து தப்ப முடியாது. தலைவன் தன் கடனை மறந்தால் கேட்பாரில்லை. அப்பரின் பாடல் அவ்விரண்டாம் பக்கத்தை ஒரு விதியாகவே உரைக்கின்றது. எந்த நிலவேந்தனும் நிறைவேற்றாத கடமையை ஒரு தலைவன் நிறைவேற்றுவான் எனக் கூறுதல், நிலவேந்தரைப் பற்றிய தீர்ப்பும் ஆகும். பாடியவர் அத்தீர்ப்பைக் கருதினாரா இல்லையா என்பது இங்கு முக்கியமன்று. கேட்டவர்க்கு அது கேட்டிருக்கும்.

பல்லவ மன்னனின் அழைப்பை மறுத்துப் பாடியதாகக் கூறப்படும் மறுமாற்றத் திருத்தாண்டகத்தில் அத்தீர்ப்பு மறைவின்றி ஒலிக்கின்றது. தாம் எவர்க்கும் குடிகள் அல்லர், இயமனுக்கும் அஞ்சுபவர் அல்லர் எனத் தன்மைப் பன்மையிற் பேசும் அப்பாடலில், ‘குடி’ என்ற சொல் வரி செலுத்தி ஆணைக்கு அடங்கிய மக்களைக் குறிக்கும் அரசியற் சொல்லாகவே நிற்கின்றது. சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தமை, நஞ்சு கலந்த சோறு ஊட்டியமை, யானையை ஏவியமை, கல்லிற் கட்டிக் கடலில் இட்டமை என்னும் கொடுமைகளை வரலாற்று நிகழ்ச்சிகளாகக் கொள்வதா என்பதில் அறிஞர் ஒருமுகப்படார். ஆனால் அரசாணையை மறுக்கும் குரல் கற்பனையன்று. அது பாடலில் உள்ளது. இறைவனுக்கு மட்டுமே அடிமை என்பவன் மற்றெவருக்கும் அடிமையல்லன் என்னும் முடிபுக்கு வருதல் இயல்பே.

அப்பரை நாம் வீரநாயகராக மட்டும் வரைந்துவிடலாகாது. அதே திருவீழிமிழலையில் அவர் பாடிய திருவிருத்தம் ஒன்றுண்டு. தாம் இறைவனை மறந்துவிட்டாலுங்கூட இறைவன் தம்மை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும் எனப் பாட்டுத்தோறும் அது வேண்டுகின்றது. தேவாரத்தில் இறைநம்பிக்கை பற்றிய மிக நேர்மையான கூற்று இதுவென்பது எமது கருத்து. தம் நம்பிக்கையின் உறுதியைப் பற்றி அப்பர் இங்கு எந்த உரிமையும் பாராட்டவில்லை. மாறக்கூடியது தம் நெஞ்சு. மாறாதது மறுபக்கத்தில் உள்ளது. சமணத்திற் புகுந்து தருமசேனராய் இருந்து, சூலை நோயுற்று, தமக்கை திலகவதியாரிடம் மீண்டவருக்கு இது வெறுங் கொள்கையாக இருந்திருக்க முடியாது. உறுதி குன்றாத பக்தரைப் பற்றி மேடைகளிற் பேசுவோர் இப்பதிகத்தை மேற்கோளாக எடுப்பது அரிது. எடுத்தால் பேச்சுக் கெட்டுவிடும்.

சுந்தரரின் நம்பிக்கை இதற்கு முற்றிலும் வேறான குணமுடையது, அது சண்டையிடும். சங்கிலியாருக்குத் தந்த சூளுறவை மீறித் திருவொற்றியூரை நீங்கியதும் இரு கண்ணும் இழந்தார் என்பது வரலாறு. குற்றம் தம்முடையதே என அவர் அறிவார். இருந்தும் கணக்கு, வழக்கு என்னும் சொற்களை எடுத்தாண்டு, மூன்று கண் உடையவனோடு அவர் வாதிடும் முறை நீதிமன்றத்துக்குரியது. கண்தான் இல்லையென்றால் ஊன்றுகோலேனும் தரப்படவேண்டும் என்பது அவர் கட்சி. திருவாரூர்ப் பதிகத்தில், மீளா அடிமைகளாகிய தம்மவர் உள்ளே கனன்று முகம் வாடித் துன்பத்தைச் சொன்னபின்னும் வாளாவிருக்கும் இறைவனை, நன்றாக வாழ்ந்து போகும்படி வாழ்த்துகின்றார். தமிழிற் கசப்பு இவ்வளவு மரியாதையாக வெளிப்பட்ட இடங்கள் மிகச் சில. டேவிட் சுல்மன் சுந்தரரை வன்றொண்டராகவே முன்னிறுத்தி 1990 இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு இக்கசப்புக்கு உரிய மதிப்பை அளித்தது. இங்கும் நம்பிக்கை பணிவோடு ஒன்றாகிவிடவில்லை. நம்பாதவனோடு ஒருவன் இவ்வாறு சண்டையிடமாட்டான்.

இதே சுந்தரர் அரிசிற்கரைப்புத்தூர்ப் பதிகத்தில் மற்றொரு பஞ்சக் கதையை ஒரே பாட்டிற் சொல்லி முடிக்கின்றார். புகழ்த்துணை என்னும் அந்தணர் அரிசிலாற்று நீரைச் சுமந்துவந்து திருமஞ்சனம் ஆட்டும்போது, தளர்ச்சி மிகுந்து குடத்தை இறைவன் முடிமேல் விழவிட்டு நடுங்குகின்றார். அவருக்கும் நாடோறும் ஒரு காசு வகுக்கப்பட்டது. அந்த நடுக்கம் ஒன்றே போதும். பசியால் வந்த தளர்ச்சியிலும், பணியில் நேர்ந்த பிழைக்குத் தண்டனை வருமென்ற அச்சமே அக்கணத்தில் முந்தி நிற்கின்றது. வேலை செய்யும்போது கைநழுவவிட்ட எந்தப் பணியாளனின் நடுக்கமும் அதுவே. அவன் எதிர்பார்த்தது அடி, கிடைத்தது படி. இறைவனின் குணத்தை விளக்கச் சுந்தரருக்கு வேறு விரிவுரை தேவைப்படவில்லை.

இவற்றையெல்லாம் கூறியபின் மறுபக்கத்தையும் கூறாதுவிடல் ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாது. பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளி இடிக்கப்பட்டு அக்கல்லாற் திருவதிகையிற் குணபர ஈச்சரம் எழுப்பப்பட்டது என்பதைச் சேக்கிழார் மகிழ்ச்சியோடு பாடுகின்றார். மதுரையில் எண்ணாயிரஞ் சமணர் கழுவேறிய கதையையும் அவர் மறைக்கவில்லை. அப்பரும் சம்பந்தரும் சமணரை ஏசும் பாடல்கள் தேவாரத்தில் நிறைய உண்டு. அச்சமணரும் தம் அறத்தைத் துன்பக் காலத்தில் நம்பியிருந்தோரே. அவர்களுக்குப் படிக்காசு வந்ததாகக் கதை எழுதுவோர் இங்கு இல்லை. வீழிமிழலையிலும் அமுது பெற்றோர் அடியார்கள். காசு வந்த மடத்தின் வாயிலுக்கு அப்பால் இருந்த உழுகுடியினரும் அவர்களுக்குக் கீழ்ப்பட்டோரும் அப்பஞ்சத்தை எவ்வாறு கடந்தனர் என்பதிற் புராணத்துக்கு அக்கறை இல்லை. நம்பிக்கையின் மொழி எவ்வளவு உயர்ந்ததாயினும் அதன் வட்டம் குறுகியதாயிருந்தது.

அவ்வட்டத்தின் விளிம்பில் நின்றோர் கதையைக் கல்வெட்டிலேயே தேடவேண்டும். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், ஏறத்தாழ 1140 அளவில் என்பர். அதற்கு அறுபது ஆண்டுகளின் பின், மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், வீழிமிழலைக்குச் சேய்மையிலல்லாத திருப்பாம்புரத்தில் மீண்டும் காலம் பொல்லாததாயிற்று. நெல் விலை ஏறிற்று. வேளாளன் ஒருவனும் அவன் புதல்வியர் இருவரும் பட்டினியிலிருந்து தப்புவதற்காகத் தம்மை 110 காசுக்கு அக்கோயிலுக்கு அடிமைகளாக விற்றுக்கொண்டனர். ஆண்டு 1201. நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்றில் இதனை எடுத்துக்காட்டியுள்ளார். இறைவனுக்கு அடிமை என அப்பர் தம்மைச் சொல்லிக்கொண்டபோது அச்சொல் அரசனை மறுக்கும் வலிமை தந்தது. இங்கு அதே உறவு விலையோடு கல்லிற் பொறிக்கப்பட்டது. பஞ்சத்தில் இங்கும் கோயிலிலிருந்துதான் காசு வந்தது. ஆனால் அது படியாக அன்று, கிரயமாக வந்தது.

சேக்கிழார் கூறும் மற்றொரு நிகழ்ச்சியை இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும். திருப்புகலூரில் அப்பர் புற்செதுக்கும் இடமெங்கும் பொன்னும் நவமணியும் கிடக்கக் கண்டு, பருக்கைக் கற்களோடு அவற்றையும் உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார். வற்கடத்தில் ஒரு காசை மறுக்காது பெற்றவர், வற்கடம் இல்லாத காலத்திற் பொற்குவையை ஏற்கவில்லை. பஞ்சத்திற் பெற்ற காசு அன்றைய அமுதுக்கு, அன்றே செலவாகிவிடும். சேர்த்து வைப்பதற்கு அதில் எதுவுமில்லை. கோயிற் பண்டாரங்களோ சேர்த்து வைத்தன. சேர்த்து வைத்தமையாலேயே 1201 இல் மூன்று மனிதரை வாங்கவும் முடிந்தது. அத்திருப்பாம்புரமும் சம்பந்தரின் பாடல் பெற்ற தலமே.